குளத்தங்கரைக் குச்சி

மார்ச் 2, 2025, ஞாயிறு

நீள லென்ஸுக்குள் பூசணம் பிடித்துவிட்டது. மழைக்காலம் முழுக்கப் பையோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் வேறென்ன ஆகும்? ஷூ டப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பி இருந்தேன், அது எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது போல. நேற்று நயினார்குளத்தில் கூழைக்கடாவை எடுத்துவிட்டு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாப் படமும் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே சிலந்தி நூல் போல ஓடியிருப்பது தெரிந்தது. கடையில் கொடுத்தாயிற்று, மூன்று வாரம் என்றார்கள். மூன்று என்றால் ஐந்து. கையில் மிச்சம் 90 எம்.எம். மேக்ரோ ஒன்றுதான், பூச்சி, பூ மாதிரிச் சின்னதைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற லென்ஸ். பறவைகளுக்கு லீவு.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போகும் வழியில், குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்யாண முருங்கை இருக்கிறது. இலை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கிறது. ஒரு கிளை கைக்கு எட்டும் உயரத்தில் கிடைத்தது. தூரத்திலிருந்து பார்க்க ஒரே சிவப்பு. கிட்டப் போனால் பெரிய இதழில் கருஞ்சிவப்பு நரம்புகள், அதற்கு வெளியே கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் 10 மகரந்தத் தாள்கள், அடியில் கிண்ணத்தில் ஊற்றினாற்போல் தேன். மைனா தலையை உள்ளே விட்டால் நெற்றி நேராகத் தாளில் போய் முட்டும், அப்படித்தான் அமைப்பு. மேல் கிளையில் ஒரு மைனா அதையே செய்துகொண்டிருந்தது, நெற்றியில் பொடி ஒட்டியிருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது, லென்ஸ்தான் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வேலிக்கு வேலி நின்ற மரம் இது. அப்புறம் ஒரு சின்னக் குளவி வந்து இலையில் முட்டையிட, இலையெல்லாம் முண்டு முண்டாக வீங்கி, மரம் மரமாகப் போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

தட்டான் பின்னால் இரண்டு மணி நேரம் ஓடினேன். 140 படம், அதில் தேறியது மூன்று. ஒன்றுக்கு ஒன்று அளவில் (சென்சாரில் பூச்சி அதன் நிஜ அளவிலேயே விழும்படி) எடுத்தால், லென்ஸ் துளையை எஃப் 11க்குச் சுருக்கி வைத்தும் தெளிவாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் சிறகு போச்சு, சிறகுக்கு வைத்தால் கண் போச்சு, இரண்டுக்கும் நடுவில் நான் மூச்சு விட்டால் எல்லாமே போச்சு. ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் போய்த் தடவிக்கொண்டே இருக்கிறது, அதற்குள் அவர் எழுந்து போய்விடுகிறார். மேலே கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்து தேனீ பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு ஃபோகஸ் பிரச்சினை எதுவும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. அந்தச் சிவப்புத் தட்டான் (ஆண்தான் சிவப்பு, பெண் மஞ்சள் கலந்த பழுப்பு) எங்கே போனாலும் அதே கோரைத் தண்டுக்குத் திரும்பி வருகிறது. இன்னொரு ஆண் வந்தால் விரட்டிவிட்டு வந்து உட்கார்கிறது, கொசு பிடித்துவிட்டு வந்து உட்கார்கிறது. அந்தக் கரையோரத் தண்ணீரை அது தன் சொத்தாகப் பிடித்து வைத்திருக்கிறது, முட்டையிட வரும் பெண்ணுக்காக. அந்தத் தண்டு எனக்கு எட்டாத இடத்தில் இருந்ததால், ஒரு உடைமரக் குச்சியை வெட்டிக் கரைக்குப் பக்கத்திலேயே ஊன்றினேன். குச்சி நுனிக்குக் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஆடு மேய்க்கும் பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "குச்சியையா தம்பி படம் புடிக்கிய?"

இருபது நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது.

மார்ச் 22, சனி

அதே ஆள்தான் என்று இப்போது அடையாளம் தெரிகிறது. வலது பின் சிறகின் ஓரத்தில், எலி கடித்த தாள் மாதிரி ஒரு சின்ன வெட்டு. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏற ஏற வாலை மேலே தூக்கிக்கொண்டே போய், உச்சிவெயிலில் சூரியனைக் குத்துவது போல நேராக நிறுத்திவிட்டது. உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான் இந்தத் தலைகீழ் நிற்பு. எனக்கு அந்த வசதி இல்லை, கழுத்து எரிகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா, "எதுக்குல வெயில்ல கெடந்து காயுத?"

சின்ன வயதில் இதன் வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்க வைத்திருக்கிறேன். அந்த வாலில் இத்தனை கண்ணிகள் இருப்பதையும், நடுவில் மெல்லிசாகக் கறுப்புக் கோடு ஓடுவதையும் அன்றைக்குப் பார்த்ததே இல்லை.

மார்ச் 26, புதன்

ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாகைப்பூ வாசனை. படம் எதுவும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

புங்கை பூத்துவிட்டது, மரத்தடி முழுக்கப் பொரி கொட்டினாற்போல் கிடக்கிறது. நீலமும் ரோஸும் சேர்ந்த வெள்ளை. அந்த நிறத்தை நேர் வெயில் தின்றுவிடுவதால் ஃபிளாஷ் மேல் இட்லித் துணியைக் கட்டி எடுத்தேன், வெளிச்சத்தை மென்மையாக்கக் கடையில் விற்கும் டிஃப்யூசரைவிட நன்றாகவே இருக்கிறது. துணி எங்கே போனது என்று இந்தத் தேதி வரை அம்மாவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 5, சனி

லென்ஸ் வந்துவிட்டது, ஐந்து வாரம், சொன்னேன் இல்லையா. மைனாவைப் பிடிக்கலாம் என்று ஓடினால் கல்யாண முருங்கையில் பூ முடிந்து காய் தொங்குகிறது. சரி என்று குளத்துக்குப் போய் புங்கை நிழலில் உட்கார்ந்தேன். குச்சியில் பஞ்சுருட்டான்! கம்பியை விட்டு இறங்கி என் குச்சிக்கே வந்திருக்கிறது. பச்சை உடம்பு, கண்ணில் கறுப்புக் கோடு, வாலின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசி இறகு, பின்னால் தண்ணீர் கலங்கல் இல்லாமல். இப்படி ஒரு படத்துக்காக நான்கு வருடம் அலைந்திருக்கிறேன். விரல் எடுக்காமல் அடித்தேன்.

அதன் அலகில் ஒரு சிவப்புத் தட்டான். குச்சியில் அதை இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று அடித்து, ஒரு சிறகு உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. அப்புறம் விழுங்கிவிட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து 86 படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பின் சிறகு எதிலுமே சரியாகத் தெரியவில்லை, ஒன்று அலகு மறைக்கிறது, இல்லையென்றால் அசைவில் கலங்கியிருக்கிறது.

நாலு மணிக்குத் திரும்பப் போனேன். குச்சியில் ஒரு சிவப்புத் தட்டான் உட்கார்ந்திருந்தது. நான்கு சிறகும் முழுசாக இருந்தன.