அட்டையில் இல்லாத மூன்றாவது ஆள்

டப்பிங் ஸ்டுடியோவில் கன்சோல் (ஒலியைக் கலக்கும் மேசை) முன்னால் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் இன்ஜினியர் வாயில் எந்நேரமும் இருப்பது ஒரே வசனம்: "சார், எனர்ஜி பத்தல, இன்னொரு டேக் போயிடலாம்." 1986-இல் நியூயார்க்கில் ராப் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்லும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். அவருடைய வீட்டு ஸ்டுடியோவுக்கு வந்திருந்த ராக்கிம் என்ற ராப்பருக்கு அப்போது 18 வயது. கூட வந்தவர் எரிக் பி என்ற டிஜே. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதுதான் அன்றைக்கு ராப். இந்தப் பையனோ சோபாவில் சாய்ந்தபடி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் வரிகளைச் சொன்னான். எம்சி ஷான் என்ற ராப்பரும் சொல்லிப் பார்த்தார். பையன் மசியவில்லை.

கன்சோல் பக்கத்திலிருந்து கேட்டால் அந்தப் பிடிவாதத்தின் நியாயம் புரியும். தாழ்ந்த குரலில் மைக்கை நெருங்கிப் பேசினால் அடிக்குரல் தானாகக் கனக்கும். கத்தினால், உரத்த ஒலியைக் குறைக்கிற கம்ப்ரஸர் கருவி அமுக்கிவிடும். ஏற்ற இறக்கம் போய் எல்லாம் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ராக்கிம் சாக்ஸபோன் வாசித்தவர், மூச்சுக் கணக்கு தெரிந்தவர். இயைபை வரிக் கடைசியோடு நிறுத்தாமல் நடுவிலும் இழைத்து, வாக்கியத்தை அடுத்த வரிக்குள் கொண்டுபோய் முடிப்பார். கத்திக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

எரிக் பி, ராக்கிம் ஜோடியின் முதல் ஆல்பம் 1987-இல் 'பெய்ட் இன் ஃபுல்', அடுத்த வருஷமே 'ஃபாலோ தி லீடர்'. அவற்றின் புகழை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொள்வது 1990-இல் வந்த மூன்றாவது ஆல்பம். அதன் இசைக்கு அடித்தளம் போட்டவர் பால் சி என்ற சவுண்ட் இன்ஜினியர். பழைய டிரம் ஒலிகளைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்குவதில் கெட்டிக்காரர். 1989 ஜூலையில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மிச்ச வேலையை முடித்தது அவரிடம் தொழில் கற்ற லார்ஜ் ப்ரொஃபசர், பள்ளிக்கூட வயசு. ஆனால் தயாரிப்பு என்று அட்டையில் அச்சானது எரிக் பி, ராக்கிம் பெயர்கள் மட்டுமே. எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று சொல்வார்கள். சகஜம்தான், எனக்கு இன்னும் பழகவில்லை.

1992-இல் வந்த நான்காவது ஆல்பத்துக்குப் பிறகு ஜோடியும் பிரிந்தது. தனி ஆல்பத்துக்கு எழுதித்தர வேண்டிய சம்மதக் கையெழுத்தில் தகராறு, பிறகு வழக்கு. 2017-இல்தான் நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் மறுபடி ஒன்றாக மேடையேறினார்கள்.

லார்ஜ் ப்ரொஃபசர் சும்மா இருக்கவில்லை. இந்த ஜோடிக்காக புக் செய்த ஸ்டுடியோ நேரத்தில் அவர்கள் வராதபோது, நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புப் பையன் ஒருவனை பூத்துக்குள் அனுப்பி டெமோ எடுத்துவிடுவார். வாடகை அவர்கள் கணக்கில். அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய ராப்பரான நாஸ்.