உடம்பிலிருந்து போதை இறங்கிய பிறகு

என் தம்பிக்கு போதைப் பழக்கம் வந்தது முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட்ட வலி மாத்திரையிலிருந்து. ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்வது. புண் ஆறியது, மாத்திரை நிற்கவில்லை. ஒன்றில் அடங்கிய உடம்பு இரண்டு கேட்டது, நாலு கேட்டது. அப்புறம் சீட்டு இல்லாமலே எங்கிருந்தோ வாங்க ஆரம்பித்தான். "மனசு வச்சா விட்டுடலாம்" என்றார்கள் உறவுக்காரர்கள். மனசு வைத்துப் பலமுறை நிறுத்தியவன்தான் அவன். ஒரு நாள் ஆவதற்குள் மூக்கு ஒழுகும், வியர்க்கும், கை ரோமம் குத்திட்டு நிற்கும், வயிற்றுப்போக்கு. "அண்ணா, எலும்புக்குள்ள ஏதோ ஊருதுண்ணா" என்று படுக்கையை உதைத்துக்கொண்டே இருப்பான்.

சிகிச்சைக்குப் போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கூட வேறு என்னென்ன எடுக்கிறான் என்பது. குடியோ தூக்க மாத்திரையோ நெடுநாள் பழக்கமாக இருந்தால், திடீரென்று நிறுத்துவது வலிப்பில் கொண்டுவிடும், உயிரே போகலாம். வீட்டில் பூட்டி வைத்துத் திருத்த நினைப்பவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூப்ரினார்ஃபின் என்ற மருந்து கொடுப்பதாகச் சொன்னார்கள். அதுவும் ஓபியாய்டு வகைதான், ஆனால் தவிப்பை அடக்கக் கொடுப்பது. உடனே கொடுக்கவில்லை. பழைய போதை உடம்பில் இருக்கும்போது கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். தவிப்பு பல மடங்காகும். அதனால் அவன் நன்றாகத் தவிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நர்ஸ் அவ்வப்போது வந்து நாடி பார்ப்பார், கண்பாவை விரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து ஒரு தாளில் மதிப்பெண் போடுவார். பக்கத்தில் நிற்பது கொடுமை. கடைசியில் நாக்கின் அடியில் மாத்திரையை வைத்து, கரையும்வரை விழுங்காதே, பேசாதே என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கால் உதைப்பது நின்றது.

இதோடு முடிந்தது என்று அம்மா கிளம்பத் தயாரானார். கவுன்சலர் உட்காரச் சொன்னார். ஆபத்து அதிகமான காலம் இனிமேல்தான் என்றார். நிறுத்தியபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவை ஒரே ஒருமுறை போட்டாலும் மூச்சு நின்றுபோகலாம். 2019-ல் போதைப்பொருளால் உலகம் முழுக்க ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 80 சதவீதத்துக்கு நெருக்கமானவை ஓபியாய்டு தொடர்பானவை. ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயை மூக்கில் எப்படி அடிப்பது என்று எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அடித்தவுடன் ஆள் எழுந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் வேண்டும், ஏனென்றால் நலாக்சோனின் வேகம் போதைக்கு முன்னாலேயே இறங்கிவிடலாம்.

நடுவில் ஒருமுறை சறுக்கினான். அவனே வந்து சொன்னான். அம்மா திட்டவில்லை, "சரி, டாக்டர்கிட்ட போலாம் வா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். திட்டியிருந்தால் அடுத்த முறை மறைத்திருப்பான்.

இப்போது வேலைக்குப் போகிறான், ராத்திரி தூங்குகிறான். மருந்து தொடர்கிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று கேட்பவர்கள் உண்டு. சரியான அளவில் அது கிறக்கம் தருவதில்லை, ஏக்கத்தை அடக்குகிறது. அவசரப்பட்டு நிறுத்துகிறவர்கள் திரும்ப விழுவதுதான் அதிகம். எப்போது குறைப்பது என்பதை அவனும் டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். வீட்டில் நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.