மூச்சு வாங்குனா எல்லாமே சளி இல்லங்க

எங்க பெரியப்பாவுக்கு பல வருஷமா சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய், எல்லாம் பீடி பண்ண வேலை. மூச்சு வாங்குனா நெபுலைசர் வெச்சா அடங்கிடும், ஆனா இந்த தடவ அடங்கல, சளியும் கூடல, காய்ச்சலும் இல்ல, இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டாலே கால இழுத்துக்கிட்டார். டூட்டி டாக்டரம்மா அத பாத்துட்டுதான் உடம்புல எங்கயாவது ரத்தம் உறைஞ்சிருக்கலாமான்னு காட்டுற டி-டைமர் ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, அது ஏறியிருக்கவும் நேரா ரத்தக்குழாய படம் புடிக்கிற சிடி ஆஞ்சியோ ஸ்கேன். நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி! கால்ல உறைஞ்சது பிச்சுக்கிட்டு மேல போய் அடைச்சிருக்கு. பிரான்ஸ்ல, மூச்சு மோசமாகி அட்மிட் ஆன 740 சிஓபிடி நோயாளிங்கள பாத்ததுல 5.9 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சுன்னு 2021ல ஒரு ஆய்வு வந்துருக்கு. கம்மியாதான் தெரியும், ஆனா நெபுலைசரே போதும்னு உக்காந்திருந்தா அந்த ஆளுங்க கதி? இப்போ ரத்தம் உறையாம இருக்க போட்ட ஹெப்பாரின் ஊசி முடிஞ்சு அதுக்கே மாத்திர ஓடுது, அதோட சேந்தா ரத்தக்கசிவு ஆகலாம்னு, கேக்காம வலி மாத்திர எதுவும் போடக்கூடாதுன்னு கண்டிஷன், மனுஷன் தைலத்தோட சமாதானமாயிட்டார்.