டேட்டா சோர்ஸ் கிடைத்தது, உள்ளே யூஆர்எல் இல்லை

எங்கள் சம்பளக் கணக்கு அப்ளிகேஷன் பல வருடங்களாக ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான டாம்கேட் 7-இல் ஓடிக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சோடு அந்தப் பதிப்புக்கு ஆதரவு நின்றுபோனதால், அதை 9-க்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கோடில் பெரிதாகக் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு புதிய சர்வரில் அப்ளிகேஷன் முழுவதும் அடங்கிய வார் ஃபைலைப் போட்டேன். லாகின் பக்கம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் 500 எரர்.

லாக்கில் இருந்தது, இந்த வேலையில் இருக்கும் பலரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் வரி: "கேனாட் கிரியேட் ஜேடிபிசி டிரைவர் ஆஃப் கிளாஸ் '' ஃபார் கனெக்ட் யூஆர்எல் 'நல்'."

டிரைவர் (ஜாவா கோடை டேட்டாபேஸோடு பேச வைக்கும் லைப்ரரி) என்ற சொல்லைப் பார்த்ததும் அது இருக்கும் ஜார் ஃபைலைத்தான் முதலில் தேடினேன். கனெக்‌ஷன் பூலை (திறந்து தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) டாம்கேட்டே உருவாக்கும்போது, டிரைவர் ஜார் அப்ளிகேஷனுக்குள் இருந்தால் போதாது. டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் இருக்க வேண்டும். அங்கே சரியாகவே இருந்தது. அப்புறம் பாஸ்வேர்ட், போர்ட், ஃபயர்வால் என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில் டேட்டாபேஸைக் கவனிக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தன் பக்க லாக்கைப் பார்த்துவிட்டு, "உன் சர்வர்லேர்ந்து ஒரு கனெக்‌ஷன்கூட இங்க வரலப்பா. பாஸ்வேர்ட் தப்பா இருந்தாலும் இங்க தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அதற்குப் பிறகுதான் எரரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். கிளாஸ் பெயர் வர வேண்டிய இடத்தில் மேற்கோள் குறிகள் மட்டும், நடுவில் எதுவும் இல்லை. டேட்டாபேஸின் முகவரியான யூஆர்எல் 'நல்', வெறுமை. அதாவது யூஆர்எல் தப்பு இல்லை, யூஆர்எல்லே இல்லை. நாங்கள் எழுதி வைத்த விவரத்தில் ஒரு வரிகூட டாம்கேட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படியானால், கனெக்‌ஷன் தரும் டேட்டா சோர்ஸைக் கோடிலிருந்து பெயர் சொல்லித் தேடும் லுக்அப் எப்படி வேலை செய்தது? ஜேஎன்டிஐ என்ற ஜாவாவின் பெயர்த் தேடல் வசதியில் டேட்டாபேஸ் விவரத்தைச் சர்வரில் ஒரு பெயரில் வைத்துவிட்டு, கோடில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். சர்வர் பக்கம் 'ரிசோர்ஸ்' என்ற டேகில் உண்மையான விவரம் இருக்கும். அப்ளிகேஷனின் வெப்.எக்ஸ்எம்எல்லில் 'ரிசோர்ஸ்-ரெஃப்' என்ற டேக், இந்தப் பெயரில் எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கும். ரிசோர்ஸ் எங்கேயும் இல்லாவிட்டாலும், ரிசோர்ஸ்-ரெஃப் இருந்தாலே டாம்கேட் அந்தப் பெயரில் வெறும் டேட்டா சோர்ஸ் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. அதனால் பெயர் கிடைக்கும், லுக்அப்பும் ஜெயிக்கும். கனெக்‌ஷன் கேட்கும்போதுதான் விழும். பல பேரை டிரைவர் ஜாரைத் தேடி அலையவிடுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

சோதித்துப் பார்க்க, வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் பகுதியை மட்டும் தற்காலிகமாக கமென்ட் செய்து மறுபடி ஏற்றினேன். எரர் உடனே மாறியது: நேம் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியே வந்தது. ரிசோர்ஸ் பதிவாகவில்லை என்பது உறுதியாகிவிட்டதே.

ஆனால் வார் ஃபைலைப் பிரித்துப் பார்த்தால், மெட்டா-இன்ஃப் ஃபோல்டர் உள்ளே அமைப்பு விவரங்களுக்கான கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் இருந்தது, அதில் ரிசோர்ஸும் இருந்தது. டாம்கேட் ஏன் அதைப் படிக்கவில்லை? டாம்கேட்டின் சொந்த லாக்கான கேடலினா லாக்கை ஆரம்பத்திலிருந்து படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 'டிப்ளாயிங் வெப் அப்ளிகேஷன் ஆர்கைவ்' என்று வந்திருக்க வேண்டிய இடத்தில், 'டிப்ளாயிங் டிப்ளாய்மென்ட் டிஸ்கிரிப்டர்' என்று இருந்தது. பக்கத்திலேயே பாத்: கான்ஃப், அதற்குள் கேடலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அங்கே எங்கள் அப்ளிகேஷன் பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்.

பழைய சர்வரிலிருந்து கேடலினா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்திருந்தோம். அங்கே அந்த ஃபைலில் இரண்டு வரிதான். டேட்டா சோர்ஸ் விவரம் எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவான கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் இருந்தது. புதிய சர்வரில் அந்தப் பொது ஃபைலைத் தொடாமல், விவரத்தை வார் ஃபைலுக்குள் வைத்தோம். லோக்கல்ஹோஸ்ட் ஃபோல்டரில் அப்ளிகேஷன் பெயரில் ஃபைல் இருந்தால், வாருக்குள் இருக்கும் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லை டாம்கேட் கண்டுகொள்ளாது. ஃபைலை நீக்கி, ரிசோர்ஸ்-ரெஃபைத் திரும்பச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் ஆனது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் உள்ளே வந்ததும் அப்ளிகேஷன் உறைந்துபோனது. எரர் எதுவும் இல்லை, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை நேராக ஸ்டார்ட்அப் லாக்குக்குப் போனேன். அங்கே எச்சரிக்கை இருந்தது: மேக்ஸ்ஆக்டிவ் (ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் என்ற வரம்பு) இப்போது பயன்பாட்டில் இல்லை, மேக்ஸ்டோட்டல் என்று எழுதுங்கள், நீங்கள் கொடுத்த 50 கணக்கில் எடுக்கப்படவில்லை, டிஃபால்ட் 8. டாம்கேட் 8 முதல் பூல் லைப்ரரி டிபிசிபி 2-க்கு மாறிவிட்டது. பெயர்களும் அதோடு மாறின. கனெக்‌ஷனுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்வெயிட்டும் மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆகியிருந்தது. அதையும் மாற்றாததால், ஒன்பதாவதாக வந்தவர் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு பெயரையும் திருத்தி ரீஸ்டார்ட் செய்துவிட்டு அந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நேரம் 8-லயே நின்னுச்சு. இப்ப 19 ஆயிருச்சு."