ஷிஃப்ட் சார்ட்டைப் பார்த்துத்தான் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டும்

காலை ஐந்து மணிக்கு எழு, ஓடு, தியானம் பண்ணு, ஒரு மணி நேரம் படி, அப்புறம் வேலைக்குக் கிளம்பு என்று சொல்லும் வீடியோக்களை எங்கள் ரூமில் இருக்கும் பையன்கள் தினமும் பார்க்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குச் சொன்னது. இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அடுத்த வாரம் செகண்ட், அதற்கடுத்த வாரம் நைட் என்று மாறிக்கொண்டே இருக்கும் ஓசூர்த் தொழிலாளிக்கு ஐந்து மணி என்பது ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸில் தலை சாய்க்கும் நேரம், இன்னொரு வாரம் மெஷின் முன்னால் கண் சொக்கும் நேரம். நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, "எனக்கு ஒழுக்கமே இல்லண்ணா" என்று ஒரு தம்பி தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டால் மனசு வலிக்கிறது. அவனுக்கு ஒழுக்கம் இருக்கிறது. அவனுக்குப் பொருந்தாத நேர அட்டவணையை யாரோ கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரன். ஓசூரில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் மெயின்டனன்ஸ் வேலை. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலமும் கொஞ்சம் மாந்தோப்பும் இருக்கிற வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா முடித்ததும் ஓசூர் பஸ் ஏறுவது இரண்டு தலைமுறைப் பழக்கமாகிவிட்டது. லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று அப்பாக்கள் காலத்தில் சொன்ன பெயர்களோடு இப்போது போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை, கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் டாடா தொழிற்சாலை என்று பட்டியல் நீண்டிருக்கிறது. முன்பு வீட்டைவிட்டு வெளியே அனுப்பத் தயங்கிய பெண்பிள்ளைகளும் ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போகிறார்கள். இவ்வளவு வீடுகளின் தூக்கமும் சமையலும் ஷிஃப்ட் சார்ட்டை வைத்துத்தான் நடக்கின்றன. அதனால் உடம்பைப் பார்த்துக்கொள்வதையும் தொழிலில் முன்னேறுவதையும் அதே சார்ட்டை வைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி.

என் கணக்கு இதுதான். நைட் ஷிஃப்ட் வாரம் தூக்கத்துக்கு. அந்த வாரம் படிப்பு, ஜிம், புதுத் தீர்மானம் எதையும் தொடங்காதீர்கள். செகண்ட் ஷிஃப்ட் வாரம் படிப்புக்கு. இரண்டு மணிக்குத்தான் வேலை என்பதால், நன்றாகத் தூங்கி எழுந்தாலும் காலை முழுக்கக் கையில் இருக்கும், தலை தெளிவாக இருக்கும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் நடைக்கும் மனிதர்களுக்கும். இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டால் ஒரு தூக்கம் போட்டு எழுந்து ஏரிக்கரையில் நடக்கலாம், வீட்டுக்கு நிதானமாகப் பேசலாம், வங்கி வேலை முடிக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. தினமும் ஒரே மாதிரி வாழ முடியாதவன் இப்படிச் சுற்றுக்கொரு ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம்.

நைட் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் உடம்பு கெடுகிறது. உயிரணுக்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்வது முக்கியமாக வெளிச்சம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்புச் சூடு குறைந்து, கவனம் தளரும். அந்த நேரத்தில் பிரஸ் மெஷினில் கை வைக்கிறவன் சோம்பேறி என்பதால் தூங்கி வழியவில்லை. ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் வெயில் கண்ணில் பட்டால் மூளை 'பகல் வந்தாச்சு' என்று முழித்துக்கொள்கிறது. அதனால் பஸ்ஸில் தொப்பியை இறக்கிவிட்டு வெயில் படாத பக்கமாக உட்காருங்கள். ரூம் ஜன்னலுக்கு அடர்த்தியான துணி கட்டுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். டீயை இரவு இரண்டு மணிக்குமேல் தொடாதீர்கள். காஃபீனில் பாதி உடம்பைவிட்டு இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். முடிந்தால் இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். இன்னொன்று, நைட் முடித்துவிட்டுச் சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஹைவேயில் பைக் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள், கம்பெனி பஸ்ஸில் போங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். பகலில் படுத்திருக்கிறவனை, "சும்மாதானே படுத்திருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்று எழுப்புவது எங்கள் ஊரில் சகஜம். எங்கள் அம்மாவிடம் ஒருநாள் உட்கார்ந்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னை எழுப்பி மாவு ஆட்டச் சொன்னா எப்படி இருக்கும், அதேதான்மா எனக்கும்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அண்டை வீட்டுக்காரர்கள் வந்தால்கூட அவரே வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறார்.

சாப்பாடு. இரவில் இன்சுலின் பகலில் வேலை செய்கிற அளவுக்கு வேலை செய்யாது. அதே சோற்றை இரவு ஒன்றரைக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். கேன்டீனில் சோறு கணக்கில்லாமல் போடுகிறார்கள் என்பதற்காகத் தட்டை நிரப்பாதீர்கள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் முட்டை, சுண்டல், மோர் என்று லேசாக முடித்துக்கொள்வது எனக்கு ஒத்துப்போகிறது. ராகிக் களி நம் ஊர் உணவு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. 2023-ல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ராகி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து இரண்டு பெரிய உருண்டைகளை உள்ளே தள்ளக் கூடாது. ஒரு உருண்டை, கூடவே நிறைய கீரைக் கடைசல் அல்லது அவரைக்கொட்டைக் குழம்பு, அதுதான் சரியான அளவு.

ரூம் பார்க்கும்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம், கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இதற்காகத்தான். குடிக்க அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வயதுக்குமேல் வருடத்துக்கு ஒருமுறையாவது பி.பி., சுகர் பாருங்கள். வீடு தேடி வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் தொடங்கிவைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்றால் அந்த டிஸ்பென்சரிக்கும் போங்கள், அது உங்கள் பணம்.

சரி, தொழில். ஓ.டி.க்கு, அதாவது ஓவர்டைம் வேலைக்கு, இரட்டிப்புச் சம்பளம், அது உங்கள் உரிமை, கடன் இருக்கிற வீட்டில் அதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் செகண்ட் ஷிஃப்ட் வாரத்தின் காலைகளை ஓ.டி.க்கு விற்காதீர்கள். உங்கள் எதிர்காலம் அந்தக் காலைகளில்தான் இருக்கிறது.

மெயின்டனன்ஸில் சேருகிற எல்லாத் தம்பிகளுக்கும் நான் சொல்வது, ஒரு நோட்டு போடு. எந்த மெஷின், என்ன நடந்தது, என்ன நினைத்தோம், உண்மையில் என்ன, எப்படிச் சரியானது. உதாரணமாக, காற்றழுத்தத்தில் முன்னும் பின்னும் நகரும் ஒரு சிலிண்டர் பாதியில் நின்றுபோகும். எல்லோரும் அதற்குக் காற்றைத் திறந்துவிடும் சோலனாய்டு வால்வைச் சந்தேகப்பட்டு மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் முகத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், துணியால் துடைத்தால் முடிந்தது. இதை எழுதி வைத்தவன் அடுத்த தடவை வால்வைக் கழற்றுவதற்கு முன் சென்சாரைப் பார்ப்பான். ஒரு சில வருடங்களில் அந்த நோட்டு தடிமனாகும், அப்போது லைன் நின்றால் சூப்பர்வைசர் உங்கள் பெயரைச் சொல்லித் தேடுவார். நள்ளிரவில் ஒரு லைனே கைகட்டி நிற்க, நீங்கள் போய் அரை மணி நேரத்தில் ஓடவைத்தால் வரும் நிறைவு இருக்கிறதே, அதை எந்த ஏ.சி. அறை வேலையும் எனக்குத் தராது என்று நம்புகிறேன். ஆபரேட்டராக இருக்கிற தங்கச்சிகளும் இதைச் செய்யலாம். எந்தப் பாகம் எதனால் ரிஜெக்ட் ஆகிறது என்று எழுதிப் பழகினால் குவாலிட்டி பக்கம் நகர்வதற்கு அதுவே முதல் படி.

நோட்டோடு படிப்பும் சேர வேண்டும். எலக்ட்ரிக்கல் டிராயிங் படிக்கத் தெரியாமல் மெஷினை இயக்கும் சின்னக் கணினியான பி.எல்.சி. பற்றிய கோர்ஸில் பணம் கட்டாதீர்கள். முதலில் டிராயிங், அப்புறம் மின்சாரத்தில் இயங்கும் சுவிட்சான ரிலே, அப்புறம் பி.எல்.சி.க்கு நிரல் எழுதும் லேடர் லாஜிக். வண்டிகள் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன, எஞ்சின் லைனில் இருப்பவர்கள் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் பற்றி இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமா முடித்தவர்கள் பி.இ.யில் அதேபோல.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அந்த வேலை மேல் உண்மையான விருப்பம் இருந்தால் எழுதுங்கள், அதே மூன்று வாரச் சுற்றில் படிக்க முடியும். இந்த வேலை கேவலம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்காக மட்டும் எழுதாதீர்கள்.

போன வாரம் ஒரு தம்பி, வேலையை விடாமல் பகுதி நேர பி.இ. சேரட்டுமா என்று கேட்டான். சேரலாம். விண்ணப்பம் போடும் முன் வகுப்பு எந்த நேரம், ஓசூரிலிருந்து அங்கே போய்வர எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளவும், மாலை வகுப்பு என்றால் செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளும் ஆட்கள் இரண்டு பேரையாவது லைனில் பேசிவைக்கவும் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் கேட்பதற்கு நானும் கூடப் போகிறேன்.