சிவப்பு டின்னும் நீல டின்னும்

பட்டாளத்து அங்கிள் ஒருவருக்குச் செயற்கைக் கால், ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்குப் பள்ளிச் செலவு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் திரட்டுவதென்று எங்கள் மன்றத்தில் முடிவானதும், டின்னோடு பினாங்கு லிட்டில் இந்தியாவில் போய் நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன்.

தெருவில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் லைசன்ஸ் வேண்டுமாம். ‘நலப்பணிக்கு’ என்று மொட்டையாக எழுதிய எங்கள் மனு திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான். நோக்கத்தைப் பிரித்து எழுதினோம், டின்னும் இரண்டானது. பிள்ளைகளுக்குச் சிவப்பு, அங்கிளுக்கு நீலம். கடைக்காரர்கள் வரிவிலக்கு ரசீது கேட்டார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் உள்ள அமைப்புதான் அதைத் தர முடியும். இல்லத்துக்கு அது இருந்ததால், பெரிய காசோலைகளை நேராக அங்கேயே அனுப்பிவிட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் சிவப்பு டின்னை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. நீலத்தை ஆட்டினால் சலங்கை மாதிரி சத்தம். கொட்டிப் பார்த்தால், 2008-க்குப் பிறகு கடைகளில் புழங்காத ஒரு காசு நாணயங்கள் பதினேழு.

“பட்டாளத்துக்காரருக்கு பென்ஷன் வருமே” என்பார்கள். சிப்பாய்க்கு 21 வருஷம் முடிந்தால்தான் மாதப் பென்ஷன். அங்கிள், கம்யூனிஸ்ட் கலகக் காலத்தில் தாய்லாந்து எல்லைக் காட்டில் கிடந்தவர், 12 வருஷத்தில் விலகிவிட்டார். கால் போனதோ பல வருஷம் கழித்து, இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை நோயால். ஆகவே ஊனமுற்றோர் பென்ஷனும் இல்லை.

போஸ்டரில் ‘கண்ணிவெடி’ என்று போட்டால் காசு விழும் என்றான் மன்றத்துத் தம்பி ஒருவன். எனக்கும் சபலம்தான். அங்கிளிடம் கேட்டேன். “எங்க செட்டு ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க தம்பி” என்றார், அவ்வளவுதான்.

கடைசியில் 640 வெள்ளி குறைந்தது. சிவப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போடலாமே என்றேன். பொருளாளர் அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, “லைசன்ஸ்ல என்ன எழுதியிருக்கு, படி” என்றார். சரி, மறுபடி தெருவுக்கு.

அடுத்த சனிக்கிழமை அங்கிளே ஊன்றுகோலோடு வந்து, பூக்கடை ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒருவர் குனிந்து, “கண்ணிவெடியா அங்கிள்?” என்றார்.

“இல்லப்பா, இனிப்பு நீர்.”

அவர் பத்து வெள்ளியை மடித்து நீல டின்னில் போட்டார். அப்புறம் செருப்பைக் கழற்றி, ஒரு மாதமாக ஆறாத புண் என்று கட்டைவிரலைக் காட்டினார்.