பக்கத்துப் பள்ளத்துப் பாறை

நோர்வேயில் ஒரு நகரசபையின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு அடியால் போகிறது, யாருடைய காணி எங்கே முடிகிறது என்று திரையில் கோடு இழுப்பதுதான் தொழில். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில், பழுப்புச் சீஸைச் சீவிப் பாணில் வைத்துக்கொண்டே பக்கத்துப் பிரிவுப் பெண் கேட்டாள்: "நீ மேப் வேலை செய்கிற ஆள்தானே? எங்கள் கழகம் தேசிய ஓரியன்டீரிங் சம்பியன்ஷிப் நடத்தப் போகிறது. உதவிக்கு வருவாயா?" அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. இங்கே மேலதிகாரியும் 'நீ'தான், மந்திரியும் 'நீ'தான், இருபது வருடம் கழிந்தும் என் காதுக்கு அது இன்னும் முழுதாகப் பழகவில்லை. சரி என்றேன். இரண்டு வருட வேலை என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

விளையாட்டு இவ்வளவுதான். கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டுக்குள் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடி தொங்கும், இங்கே அதற்குப் போஸ்ட் என்று பெயர். எல்லாவற்றையும் சொன்ன வரிசையில் கண்டுபிடித்து ஓடி முடிக்க வேண்டும், எந்த வழியால் போவது என்பது அவரவர் பாடு. போனைப் பார்க்கக்கூடாது. ஊரில் வழி தெரியாவிட்டால் சந்திக் கடையில் கேட்போம், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தக் காட்டில் வாய் இருந்தும் பயனில்லை, கேட்பதற்கு மான்தான் நிற்கும்.

இந்த நாட்டுக்காரருக்கு இது பழைய சங்கதி. 1897 ஒக்டோபர் 31ஆம் திகதி ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ட்ஜால்வே என்ற கழகம் முதல் பொதுப் போட்டியை நடத்தியது, பத்தொன்பதரைக் கிலோமீற்றர். பெடர் ஃபொஸ்ஸும் என்பவர் 1 மணி 41 நிமிடத்தில் ஓடி வென்றார். அந்த நேரத்தை முதலில் வாசித்தபோது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு நானே ஒருமுறை காட்டுக்குள் நான்கு கிலோமீற்றர் ஓடிப் பார்த்தேன், மரியாதை வந்துவிட்டது.

முதல் அதிர்ச்சி வரைபடத்தில். அலுவலகத்தில் நாங்கள் காட்டைப் பச்சையாகப் போடுவோம். ஓரியன்டீரிங் வரைபடத்தில் நல்ல காடு வெள்ளை, தடையில்லாமல் ஓடலாம் என்று அர்த்தம். பச்சை கூடக்கூட அடர்த்தி, கடும் பச்சையைக் கண்டால் சுற்றிப் போவதே புத்தி. திறந்த வெளி மஞ்சள், பாறை கறுப்பு. ஒரு மீற்றருக்குமேல் உயரமான கல் என்றால் அதற்கும் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. விமானத்திலிருந்து லேசரால் அளந்த தரவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதிலே எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்தத் தரவை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மாதக்கணக்காக அந்தக் காட்டை அடிக்கணக்கில் நடந்தார், எந்தக் கல் ஓடுகிறவன் கண்ணில் படும், எது படாது என்று முடிவு செய்வதற்காக. எங்கள் குழாய் வரைபடத்துக்கும் அப்படி ஓர் ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள்.

வரைபடம் ஒரு பங்கு என்றால் பேச்சுவார்த்தை மூன்று பங்கு. அடுத்தவர் காட்டில் யாரும் நடக்கலாம் என்று இங்கே 1957ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் அது குடும்பமாகப் பெர்ரி பறிக்கப் போகிறவர்களுக்குப் போதும், ஆயிரம் பேரைக் கூட்டி ஓடவிடக் காணிக்காரர்களின் சம்மதம் வேண்டும். அதோடு வேட்டைக்காரர்கள். செப்டெம்பர் 25 அன்று எல்க் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்கும், அதற்கு முதல் வாரங்களில் மிருகத்தைக் கலைக்கக்கூடாது என்று அவர்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வேட்டைக் குழுத் தலைவரின் குசினியில் மூன்று முறை கோப்பி குடித்த பிறகுதான் செப்டெம்பர் நடுப்பகுதிக்கு ஒத்துக்கொண்டார். போட்டியில் ஓட நினைக்கிறவர்கள் இடத்தை முன்பே பழகிவிடக்கூடாது என்று அந்தக் காட்டுக்குள் கால் வைக்கவும் தடை, ஒன்றரை வருடத்துக்கு. எங்கள் கழகத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டுக்கே போக முடியாமல் இருந்தார்கள்.

இத்தனைக்கும் சம்பளம் இல்லை. டுக்னாட் என்பார்கள், நம்முடைய சிரமதானமேதான். மருத்துவர் கார்த் தரிப்பிடத்தில் நிற்பார், பாடசாலை அதிபர் கழிப்பறைக்குக் காகிதம் கொண்டு ஓடுவார். என் மனைவியும் தமிழ்ச் சங்கத்துப் பெண்களும் வாஃபிள் கடைக்குப் பக்கத்தில் மரக்கறி ரோல்ஸ் போட்டார்கள், பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. வாஃபிள் மிஞ்சியது. இதை இங்கே பதியாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

இனி என் விஷயம். சனிக்கிழமை நடுத்தூர ஓட்டம், வெள்ளி பின்னேரம் போஸ்ட் வைக்கும் குழுவில் நானும் ஒருவன். எனக்குப் பன்னிரண்டு. ஓடுபாதை போட்டது என்னை உதவிக்குக் கூப்பிட்ட அந்த அலுவலகப் பெண்தான். ஒவ்வொரு இடத்திலும் முதலே ஒரு நாடாவில் எண் எழுதிக் கட்டியிருந்தாள். நாங்கள் நாடாவைத் தேடிப்போய்க் கம்பியை ஊன்றி, கொடியைத் தொங்கவிட்டு, ஓடுகிறவரின் அட்டையில் நேரத்தைப் பதிகிற எமிட் பெட்டியைப் பொருத்த வேண்டும். எண்கள் 31இலிருந்துதான் தொடங்கும், ஓட்ட வரிசை எண்ணோடு குழம்பாமல் இருக்க. எட்டு போஸ்ட் வரை சுகமாகப் போனது. ஒன்பதாவது 54. 'பள்ளம், பாறை, கிழக்குப் பக்கம்' என்று தாளில் குறி இருந்தது. பள்ளத்துக்குள் இறங்கினேன், பாறை நின்றது, நெஞ்சளவு உயரம், மேலே பாசி. நாடாதான் இல்லை.

அப்போது மனம் போட்ட கணக்கை நினைத்தால் இப்போதும் வெட்கம். எல்க் நாடாவைக் கடித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, காற்று. கீழே தேடுவதுபோல நாலு பெர்ரிச் செடியைக் கிளறினேன். வரைபடத்தில் பள்ளத்துக்கு மேலே ஒரு சிறு சதுப்பு இருக்க வேண்டும், நான் நின்ற இடத்தில் ஈரமான ஒரு மூலை இருந்தது, 'வெயில் காலத்தில் வற்றியிருக்கும்' என்று அதையும் சதுப்பாக்கிவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது, மான் ஈக்கள் வேறு தலைமயிருக்குள் புகுந்து இறகைக் கழற்றிவிட்டு ஊரத் தொடங்கின, அது ஓர் அருவருப்பு, அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கொடியை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, தலையில் மிச்ச ஈயைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தச் சதுப்பு திரும்பத் திரும்ப வந்தது. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவனுக்குத்தான் முதல் ஏச்சு விழும். ஒரு குழாய்க் கோடு பிழை என்று தெரிந்தும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன், யாரும் தோண்டவில்லை, தப்பித்தேன். இங்கே காலையில் நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் தோண்டப் போகிறார்கள். ஒரு போஸ்ட் பிழையான இடத்தில் இருந்தால் அந்த ஓட்டத்தையே இரத்துச் செய்ய வேண்டிவரலாம். போனை எடுத்தேன், வைத்தேன், பதினொன்றேகாலுக்கு மறுபடி எடுத்து அவளை அழைத்தேன்.

"54இல் நாடா இல்லை. பாறை சரியென்றுதான் நினைத்தேன். இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எத்தனை வீதம் நிச்சயம்?"

"அறுபது."

"அறுபது என்றால் இல்லை என்று அர்த்தம். ஐந்தரைக்கு வந்து ஏற்றுகிறேன்." ஏச்சு ஒன்றும் இல்லை. படுக்கச் சொன்னாள், நித்திரை எங்கே வந்தது.

தலைவிளக்கோடு போனோம். அவள் நேராக என் பாறைக்குப் போகவில்லை, மின்கம்பிக்கு அடியில் இருந்த பாதைச் சந்திக்குப் போனாள், அங்கே நின்று காம்பஸை வைத்து, காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். பள்ளம் வந்தது, மேலே உண்மையான சதுப்பு, கால் முழங்கால் வரை போனது. பாறை, அதே உயரம், அதே பாசி, அதன் கிழக்குப் பக்கத்துக் கிளையில் நாடா, 54 என்று அவளுடைய கையெழுத்து. என் கொடி எழுபது மீற்றர் தள்ளி, பக்கத்துப் பள்ளத்தில், அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஊன்றினோம். "ஏன் நேரே என் பாறைக்குப் போகவில்லை?" என்று கேட்டேன். "உன் பாறையைப் பார்த்தால் நானும் நம்பிவிடுவேன்," என்றாள்.

போட்டி நன்றாக நடந்தது. மழையில் புல்வெளி சேறாகி டிராக்டர் கட்டி இழுத்த கார்களைத் தவிர முறைப்பாடு இல்லை. நான் புறப்பாட்டு இடத்தில் நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர், மணி ஒலித்த பிறகுதான் வரைபடத்தை எடுக்கலாம். எடுத்த அந்த முதல் விநாடியில் அவர்களுடைய முகம் அப்படியே உள்ளே போய்விடும், கூப்பிட்டாலும் கேட்காது. அவர்களில் ஒவ்வொருவரையும் நான் 54 வரை மனதுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டேன், அதனால் யார் வென்றார் என்பதைக் கடைசியில் ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு பொதுமக்கள் ஓட்டம், காட்டின் மறுபக்கத்தில். நான் போகாத பக்கம் என்பதால் ஓட அனுமதி கிடைத்தது. நான்கு கிலோமீற்றர் பாதை. மூன்றாவது போஸ்டில் மாட்டிக்கொண்டேன். ஒரு குன்றைக் கண்டதும் 'இதுதான்' என்று முடிவுகட்டி, வரைபடத்தைத் திருப்பித் திருப்பி அந்தக் குன்றுக்குப் பொருத்தினேன், வேலி இருக்க வேண்டிய இடத்தில் வேலி இல்லை, 'பழைய வேலி, விழுந்திருக்கும்' என்று சொல்லிக்கொண்டேன். சொன்ன கையோடு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி நடந்து தெரிந்த பாதைக்கே வந்து மறுபடி தொடங்கினேன். எண்பது வயதிருக்கும் ஒரு மூதாட்டி என்னைத் தாண்டிப் போனார், காலில் ரப்பர் சப்பாத்து, ஓடவேயில்லை.

முடிவிடத்தில் அட்டையை வாசித்து ஒரு துண்டுக் காகிதம் தருவார்கள், ஒவ்வொரு போஸ்டுக்கும் எடுத்த நேரம் அதில் இருக்கும். என்னுடையதில் மூன்றாவதற்கு நேரே 19 நிமிடம். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "பக்கத்துப் பள்ளமா?" "இல்லை, பக்கத்துக் குன்று," என்றேன்.

சனிக்கிழமைக் கொடிகளை அன்று மாலைதான் கழற்றினோம். எனக்கு அதே பன்னிரண்டு. 54க்குப் போனபோது பெர்ரிச் செடிகளுக்கு நடுவே ஒரு புதுப் பாதை விழுந்திருந்தது. மூன்று திசைகளிலிருந்து வந்து பாறையின் கிழக்குப் பக்கத்தில் சேறாகக் கூடி, மறுபக்கத்தால் பிரிந்து போனது. கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, தேவையில்லாமல்தான், பக்கத்துப் பள்ளத்துக்கும் நடந்தேன். அங்கே பாசி அப்படியே இருந்தது. கம்பி ஊன்றிய துளை ஒன்றும் என் சப்பாத்து அடையாளமும் மட்டும்.